டின்னுக்குப் போகும் பலகாரமும் அடுப்படியிலேயே தீரும் பலகாரமும்

செட்டிநாட்டுச் சமையல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மிளகும் கோழியும் நண்டும்தான் நினைவுக்கு வருகின்றன. நெடுஞ்சாலை உணவகங்களின் பெயர்ப்பலகைகள் அந்த நினைவை நன்றாக வளர்த்துவிட்டன. ஆனால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ பிள்ளைப் பருவத்தைக் கழித்த ஒருவரிடம், ஊர்ச் சாப்பாட்டில் எதற்காக ஏங்குகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பலகாரத்தின் பெயர்தான் பதிலாக வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கியதும் அடுப்படியில் கிடைத்த இடைப்பலகாரம்தான் அவர்கள் மனத்தில் நிற்கிறது. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேன்குழலும் சீடையும் அதிரசமும் இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் பொட்டலமாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி டப்பாவில் நிரப்பி வைத்திருப்பவர்களே வெள்ளைப் பணியாரத்துக்கும் கும்மாயத்துக்கும் கவுனி அரிசிக்கும் ஏங்குகிறார்கள். ஏக்கம் இப்படி ஒரு பக்கமாகவே சாய்வதற்கான காரணம் செட்டிநாட்டு வீடு நடந்த முறையிலும், அரிசி மாவு எண்ணெயில் வேகும்போது நடப்பதிலும் இருக்கிறது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஏறத்தாழ 75 ஊர்களாகப் பரவிக் கிடக்கும் செட்டிநாடு வானம் பார்த்த பூமி. கண்மாயும் ஊருணியும்தான் நீர். ஒரு போக நெல், மேட்டு நிலத்தில் கேழ்வரகு, வரகு, பயறு, வேர்க்கடலை, எள் என்பதே விளைச்சல். இங்கே எழும்பிய பெரிய வீடுகளுக்கான பணம் கடல் கடந்து வந்தது. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டித் தொழில் ஐராவதி வண்டல் நிலத்து நெல் சாகுபடியோடு சேர்ந்து வளர்ந்தது. இலங்கை, மலேயா, சைகோன் என்று வட்டிக்கடைகள் பரவின. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஆண்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்குக்குப் போனார்கள். ஊரில் வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிகள் எனப்படும் நகரத்தார் வீட்டுப் பெண்கள்தான். நெல் வாங்கி அவித்துக் குத்துவது, பருப்பைக் காயவைத்துப் பானையில் அடைப்பது, புளியையும் மிளகாயையும் பூச்சி படாமல் காப்பது என்று ஓராண்டுச் சாமான் முழுவதும் அவர்கள் பொறுப்பில் இருந்தது. பலகாரம் அந்த நிர்வாகத்தின் ஒரு பகுதி.

நகரத்தார் வீடுகளில் வேறுவைத்தல் என்றொரு வழக்கம் உண்டு. மகனுக்குத் திருமணமானதும் அவனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு வைத்துத் தனியே பொங்கிக்கொள்ளச் செய்வார்கள். ஆகவே வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி, ஒரே கூரையின் கீழ், அப்பத்தாவின் அடுப்பு, பெரியாத்தாவின் அடுப்பு, சின்னாத்தாவின் அடுப்பு என்று பல அடுப்புகள் எரிந்தன. சாமான் கணக்கு பெரியவர்களுக்குத் தனித்தனி. பிள்ளைகளுக்கோ எல்லா அடுப்பும் சொந்தம். ஒரே கந்தரப்பத்தை ஒரே நாளில் மூன்று கைப்பக்குவத்தில் தின்று வளர்ந்த பிள்ளைக்கு, எதில் வெந்தயம் தூக்கல், எந்தச் சட்டியில் எண்ணெய் காயவில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும். செட்டிநாட்டார் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசுவதற்கு இந்த வீட்டமைப்பே முதல் காரணம் என்பது என் கருத்து.

இந்த அடுப்புகளிலிருந்து இரண்டு வகைப் பலகாரங்கள் வந்தன. ஒன்று இருப்புக்காகச் செய்வது: கப்பலேறுகிறவரின் பெட்டிக்கும், மகள் வீட்டுச் சீருக்கும், தீபாவளிக்குப் பின் வரும் நாட்களுக்கும் உரியது. மற்றொன்று சட்டியிலிருந்து எடுத்த கையோடு தின்ன வேண்டியது.

இருப்புப் பலகாரங்களின் சூட்சுமம் நீரை வெளியேற்றுவதில் அல்லது கட்டிவைப்பதில் இருக்கிறது. மாவுருண்டைக்குப் பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்து அரைத்து, சர்க்கரைப் பொடி கலந்து, காய்ந்த நெய்யை ஊற்றிச் சூட்டோடு பிடிக்கிறார்கள். அதில் நீர் என்பதே இல்லை. அதனால் வாரக்கணக்கில் கெடுவதில்லை. தேன்குழலும் சீடையும் முழுக்க முழுக்கப் பொரிந்து, உள்ளே ஈரம் தங்காமல், எங்கு கடித்தாலும் மொறுமொறுவென்று இருப்பவை. சீடையில் ஈரம் எங்காவது சிக்கிக்கொண்டால் அது ஆவியாகி வழியில்லாமல் வெடிக்கும். மாவைச் சலித்து, வறுத்து, இறுக்கி உருட்டாமல் விடுவதெல்லாம் அதற்காகத்தான். அதிரசம் மென்மையாக இருந்தும் நாள்பட நிற்பதற்கு வெல்லம் காரணம். பாகிலுள்ள சர்க்கரை நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்வதால் பூஞ்சைக்கும் நுண்ணுயிருக்கும் அந்த நீர் எளிதில் கிடைப்பதில்லை. பருப்பு சேர்ந்த மாவில் பிழிந்து பொரித்ததை ஒடித்து வெல்லப்பாகில் புரட்டும் மனகோலத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. கடல் பயணத்துக்கு ஏற்ற பண்டம் எது என்பதைப் பல தலைமுறை ஆச்சிகள் ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இவற்றில் சீப்புச் சீடையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அரிசி மாவு, பருப்பு மாவு, தேங்காய்ப்பால் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்த மாவை வரிவரியான பட்டையாகப் பிழிந்து, விரல் நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் விரலைச் சுற்றி வளைத்து ஓரங்களை ஒட்டி, சிறு குழலாக்கி எண்ணெயில் போட வேண்டும். ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு டின் சீப்புச் சீடை செய்வது நடக்கிற காரியமில்லை. ஒருவர் பிழிய, நாலைந்து பேர் சுருட்ட, ஒருவர் சட்டியடியில் இருக்க வேண்டும். வளவில் வெள்ளைத் துணி விரித்து, சுருட்டிய சீடைகளை அதில் உலரப் போடுவார்கள். பிள்ளைகளும் கை கழுவிக்கொண்டு உட்காரலாம். ஓரம் சரியாக ஒட்டாத சீடை எண்ணெயில் விரிந்துவிடும் என்பதால், பிள்ளை சுருட்டியதைப் பெரியவர் ஒருவர் வாங்கி மறுபடி அழுத்திவிட்டுத்தான் போடுவார். அந்த மதியத்தில் நடக்கும் பேச்சில்தான் குடும்பத்தின் பாதி வரலாறு கைமாறியது. யார் எந்த வீட்டுப் பெண், யார் ரங்கூனிலிருந்து திரும்பி வந்தார், எந்தப் பங்காளியோடு ஏன் பேச்சில்லை என்பதெல்லாம் சீடை சுருட்டும் கைகளுக்கு மேலேதான் சொல்லப்பட்டன. இன்று கடைப் பொட்டலத்தில் வரும் சீப்புச் சீடை ருசியில் குறைவில்லை. அதைச் செய்யும் பெண்கள் தேர்ந்த கைக்காரர்கள். ஆனால் அதை வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த மதியம் கிடைப்பதில்லை.

திருமணச் சீரில் பலகாரம் எண்ணிக்கையோடும் முறையோடும் போகும். வண்ணம் தோய்த்த பனையோலையில் முடைந்த கொட்டான்களில் உறவினர் வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும் உண்டு. கல்யாண வீட்டுப் பலகாரம் கல்யாணம் முடிந்த கையோடு தீர்வதில்லை. மங்கு எனப்படும் எனாமல் பூசிய தூக்கிலும் தகர டின்னிலும் அடைபட்டு, பெட்டகத்துக்குள் போய், பரீட்சைக் காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். சாவி ஆயாவின், அதாவது பாட்டியின், இடுப்பில் இருக்கும்.

இனி மற்றொரு பாதி. அதன் தலைவாசல் வெள்ளைப் பணியாரம். இதற்கு வேண்டியவை பச்சரிசி, உளுந்து, உப்பு, மிகச் சிறிதளவு பால் அல்லது சர்க்கரை, பிறகு எண்ணெய். இவ்வளவுதான் சாமான் என்பதாலேயே இதில் தவறை மறைக்க இடமில்லை. ஆழாக்கில் அரிசியைத் தலைதட்டி அளந்து, அந்த அரிசியின் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, தானாக நிற்கும் அளவு எவ்வளவோ அதுவே விகிதம் என்று வைத்திருந்தார்கள். அளவுப் பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலமோ அதற்கேற்பக் கோபுரமும் மாறும் என்பதால், அதே ஆழாக்கையே எப்போதும் கையாண்டார்கள். இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, புளிக்க விடாமல் உடனே ஊற்ற வேண்டும். இட்லி மாவில் புளிப்பு செய்யும் வேலையை இங்கே உளுந்தின் வழவழப்பு மட்டுமே செய்கிறது. அரைக்கும்போது புகுந்த காற்றை அது பிடித்துவைத்திருக்க, எண்ணெயின் சூட்டில் மாவிலுள்ள நீர் ஆவியாகி அந்தக் காற்றறைகளை விரிக்கிறது. உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் வறட்டியாகும். கரண்டியால் மொண்டு, சட்டியின் நடுவில் ஒரே ஊற்றாக ஊற்றினால், அது அடிக்குப் போய், மேலெழுந்து, ஓரம் சுருங்கி மல்லிகை நிறத்தில் விரியும். ஒரு முறை திருப்பி, நிறம் மாறுமுன் எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். பத்துப் பேர் சாப்பிட வேண்டுமென்றால் ஒருவர் அடுப்பை விட்டு அசையாமல் நிற்க வேண்டும். சாப்பிடுகிறவர்களும் தட்டோடு பக்கத்தில் இருக்க வேண்டும். வரமிளகாய்த் துவையலைத் தொட்டு, ஓரத்து மொறுமொறுப்பும் நடுவின் பஞ்சு மென்மையும் ஒரே கடியில் வரும் அந்தப் பதம் சில நிமிடங்கள்தான் நிற்கும். நடுவிலுள்ள ஈரம் ஓரத்துக்குப் பரவத் தொடங்கியதும் மொறுமொறுப்பு போய்விடும். அரை மணி கழித்து அது வேறு பண்டம். எந்தப் பொட்டலமும் இந்த ஈரத்தின் நகர்வை நிறுத்தாது. வெள்ளைப் பணியாரம் கடை அலமாரியில் இடம் பெறாமல் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பால் பணியாரம் இதன் உறவு. அரிசியும் உளுந்தும் சம அளவு, மாவு கெட்டி, கிள்ளிக் கிள்ளிச் சிறு உருண்டைகளாகப் பொரித்து, வெந்நீரில் இட்டு எண்ணெயைப் போக்கி, ஏலக்காய் தட்டிப்போட்ட இனிப்புப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ ஊறவிடுவார்கள். ஊறியது போதாவிட்டால் உள்ளே மாவு நெருடும், மிஞ்சினால் கரைந்துவிடும். தீபாவளி விடியலில் வரும் கந்தரப்பத்தில் அரிசியோடு பருப்பும் வெந்தயமும் வெல்லமும் தேங்காயும் அரைபடுகின்றன. அதன் ஓரம் மட்டும் கருகாமல் சிவப்பது கைப்பழக்கத்தைப் பொறுத்தது. சீயத்திலும் கல்கண்டு வடையிலும் மசாலாப் பணியாரத்திலும் இதே அரிசியும் உளுந்தும் விகிதம் மாறி, துணை மாறி வருகின்றன. வறண்ட ஊரில் விளைந்த நாலைந்து தானியத்தையும் ஒரு தேங்காயையும் வைத்துக்கொண்டு இத்தனை பதங்களைக் கண்டுபிடித்தது பெரிய அறிவு என்றே நான் நினைக்கிறேன்.

கும்மாயத்தின் வயது நம்மை வியக்கவைக்கும். மணிமேகலைக் காப்பியத்திலேயே பயற்றோடு சேர்த்துக் கும்மாயம் பேசப்படுகிறது. செட்டிநாட்டில் உளுந்து, பாசிப்பருப்பு, கொஞ்சம் பச்சரிசி ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்துத் திரித்த மாவு எப்போதும் வீட்டில் இருக்கும். வேண்டும்போது நெய்யில் அதை வாசம் வர வறுத்து, கருப்பட்டியோ வெல்லமோ கரைத்து வடிகட்டிய நீரை ஊற்றி, கட்டி விழாமல் கிண்டி, கையில் ஒட்டாமல் பளபளவென்று திரண்டு வரும்போது இறக்குவார்கள். ஆடி மாதத்தில் இதைச் செய்வதால் ஆடிக் கும்மாயம் என்றும் பெயர். பெரியவளான பெண்ணுக்கு இடுப்பு பலப்படும் என்று தொடர்ந்து கொடுப்பார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளைக்கும் இதுதான். பருப்பின் புரதமும் நெய்யும் கருப்பட்டியும் ஒரு கிண்ணத்தில் சேர்வதால் மெலிந்த உடம்புக்கு அது ஏற்ற உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு மேலும் ஒன்று அதில் இருந்தது. விருந்தாளிக்காகவோ சீருக்காகவோ இல்லாமல், வீட்டில் ஒருவரை மட்டும் நினைத்துக் கிளறும் பலகாரம் அது. தனக்கென்று ஒரு முறையாவது கும்மாயம் கிண்டப்பட்ட பிள்ளை அதை மறப்பதில்லை.

கடல் கடந்த தொழில் அடுப்படிக்குத் திருப்பிக் கொடுத்தவற்றில் கவுனி அரிசி முதன்மையானது. இந்தக் கருநிறப் பசையரிசி பர்மாத் தொடர்பால் வந்தது என்பதே செட்டிநாட்டு வீடுகளில் வழங்கிவரும் செய்தி. பர்மாவில் பசையரிசியை அவித்து எள்ளும் தேங்காயும் தூவிக் காலையில் உண்ணும் பழக்கம் இன்றும் இருக்கிறது. தவிட்டுப் படலம் கெட்டியானது என்பதால் இரவு முழுதும் ஊறவைத்து, நிறம் இறங்கிய அதே நீரிலேயே குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, ஏலக்காய், நெய் சேர்ப்பார்கள். கவுனி அரிசி இல்லாத நகரத்தார் கல்யாண விருந்து இன்றும் அரிது. அண்மைக் காலத்தில் இந்த அரிசி உடல்நல உணவாகப் பேர் பெற்று, கஞ்சியாகவும் தோசை மாவாகவும் விற்பனைக்கு வந்திருக்கிறது. தவிட்டிலுள்ள ஆந்தோசயனின் நிறமியைச் சொல்லி விற்கிறார்கள், அது உண்மைதான். இருந்தாலும் சர்க்கரையைக் குறைத்து, நெய்யை ஒதுக்கி, மருந்துபோல் விழுங்கும் கவுனியைக் குழந்தைப் பருவத்துக் கவுனியோடு சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ரவையும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்த ரங்கூன் புட்டு பெயரிலேயே தன் கதையை வைத்திருக்கிறது. 1930-களின் பொருளாதார மந்தமும் 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தத் தொழிலை முறித்துப்போட்டன. கணக்குப் புத்தகங்களை விட்டுவிட்டு வந்தவர்களும் இந்தப் பண்டங்களை விடவில்லை.

செட்டிநாடு என்றால் பெரிய வீடுகள் மட்டுமே என்று எழுதுவது நியாயமாகாது. அதே ஊர்களில் வயலிலும் கண்மாய்க்கரையிலும் வேலை செய்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இடைப்பலகாரம் வேறாக இருந்தது. தை மாதத்தில் மண்ணைக் கிளறி எடுத்து மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, அறுவடை நாளில் செடியோடு சுட்ட வேர்க்கடலை, கருப்பட்டி கலந்த கேப்பைப் புட்டு, வேலியோரத்து இலந்தைப்பழம் என்று அந்தப் பட்டியல் நிலத்தோடு ஒட்டியது. பெரிய வீட்டு வளவில் மாவு இடித்ததும், பெரிய விசேஷங்களில் சட்டியடியில் நின்றதும் பல நேரம் இந்தக் குடும்பத்துப் பெண்களே. செட்டிநாட்டுப் பலகாரத்தின் புகழில் அவர்கள் கைக்குரிய பங்கு இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை.

பிள்ளையார் நோன்பைச் சொல்லாமல் நகரத்தார் வீட்டுப் பிள்ளைப்பருவத்தைச் சொல்ல முடியாது. கார்த்திகைத் தீபத்துக்குப் பின் 21 நாள் கழிய வரும் அந்த மாலையில், நாளுக்கு ஒன்றாக எடுத்துவைத்த 21 நூல் இழைகளைத் திரியாக்கி, அரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த சிறு பிள்ளையாரில் வைத்து ஏற்றி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். முதல் முறை இழை எடுக்கும் பிள்ளைக்குச் சுடரின் பயமும் மாவின் இனிப்பும் ஒன்றாகவே நாக்கில் பதியும். பொரி வகைகளும் கருப்பட்டிப் பணியாரமும் அன்றைக்கு உண்டு. வெளிநாடுகளில் இருப்பவர்கள் கூட்டாகக் கூடி இன்றும் இதை விடாமல் நடத்துகிறார்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி.

இன்று காரைக்குடியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பலகாரம் செய்து அனுப்புவது பல பெண்களின் வாழ்வாதாரமாகியிருக்கிறது. கப்பல் பெட்டிக்கென்று உருவான தேன்குழலும் மாவுருண்டையும் கூரியர் பெட்டிக்குள் சிரமமின்றிப் பொருந்திவிட்டன. நல்ல எண்ணெயும் நெய்யும் கொண்டு செய்பவர்களுக்கு உரிய விலை கொடுத்து வாங்குவது நம் கடமை. விலையை அடித்துக் குறைத்தால் நெய்யின் இடத்தில் டால்டா வரும். ஆகவே டின் பலகாரத்துக்கு இப்போது பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து அடுப்படிப் பலகாரத்துக்குத்தான். விற்க முடியாததால் அதற்குக் கடை இல்லை. வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் இல்லாததால் அதற்குச் சட்டி வைப்பதும் இல்லை. பெரிய வீடுகள் பல பூட்டிக்கிடக்கின்றன. விசேஷத்துக்குத் திறக்கும்போது சமையல் ஒப்பந்தக்காரர் வந்துவிடுகிறார். மரபு விடுதிகளாக மாறிய சில வீடுகளில் வெள்ளைப் பணியாரம் காலைச் சிற்றுண்டியில் வருகிறது என்பது ஓர் ஆறுதல்.

செய்முறைக் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் எழுதப்படாதவைதாம் பணியாரத்தைக் காப்பவை. வீட்டில் ஆச்சியோ ஆயாவோ அப்பத்தாவோ இருக்கும்போதே அவர் குவிக்கும் கோபுர உளுந்தைத் தராசில் நிறுத்து கிராம் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். ஊறவைக்கும் நேரம், மாவு கரண்டியிலிருந்து விழும் விதம், எண்ணெய் பதமானதை அவர் எதைக்கொண்டு அறிகிறார் என்பது, கும்மாயம் கிண்டும்போது எந்த நேரத்தில் நெய்யைத் திரும்பவும் விடுகிறார் என்பது எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தே குறிக்க முடியும். அரிசியையும் மறக்கக் கூடாது. புதுப் பச்சரிசியில் மாவு பிசுபிசுத்துப் பணியாரம் எண்ணெயை இழுக்கும் என்று பழகிய கைகள் சொல்கின்றன. நாள்பட்ட அரிசி கிடைக்காத அயலூரில் இருப்பவர்கள் முதலில் ஒரே ஒரு பணியாரம் ஊற்றிப் பார்த்து, ஓரம் விரியாவிட்டால் ஒரு கரண்டி பாலும், எண்ணெய் குடித்தால் ஒரு கைப்பிடி அரிசி மாவும் சேர்த்துக்கொண்டு அடுத்ததை ஊற்றலாம்.